பித்தர்க்குத் துணைநின்ற பிலிப் பினெல்

மருத்துவத்தின் உறுப்புகளை வகுத்துக் கூறப்புகுந்த திருவள்ளுவனார், நோயுற்றவனை முதற்கண் வைத்து, நோய் தீர்ப்பவனை அடுத்துக் கூறி, மருந்தை அதன்பின் நிறுத்தி, அருகிருந்து உதவுவோனை நான்காவதாகச் சேர்த்து முடித்தார். இவ்வைப்புமுறையைப் பள்ளிப் பருவத்திலேயே பாடம் பண்ணினோர் பலர். அதன் கருத்தை ஊன்றி நோக்குவார் சிலர். வைத்தியசாலை என்று சொன்ன அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த கட்டடங்களும், நுண்ணிய கருவிகளும், மருந்துப் புட்டிகளும், கற்றுத் துறைபோய வைத்தியருமே. படுக்கையிற் கிடப்பவனோ ஓர் எண்ணாகவும் ஒரு நோயின் பெயராகவும் சுருங்கிவிடுகின்றான். அவனுக்குச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு என்பதும், அவனைக் கேளாமற் செய்யத்தகாதன சில உண்டு என்பதும் எளிதில் மறக்கப்படுகின்றன. ஏனைய நோயாளராவது தமக்கு இழைக்கப்படும் குறையை எடுத்துரைக்க வல்லர். தம் வாய்ச்சொல்லை எவரும் பொருட்படுத்தாத நோயாளரும் உளர். அவரே மனம் திரிந்தோர். அன்னார் கூறுவதையும் செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும் என்பதைத் தம் ஒழுக்கத்தாலும் நூலாலும் நாட்டிய பிரெஞ்சு வைத்தியர் பிலிப் பினெல் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பினெல் தென் பிரான்ஸிலுள்ள ஜோன்கியேர் என்னும் சிற்றூரில் 1745ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் இரண வைத்தியர். அக்காலத்தில் கத்தியெடுத்துச் சிகிச்சை செய்வோர், நூல் கற்ற வைத்தியரினும் தாழ்ந்தவராகவே மதிக்கப்பட்டனர். ஆதலின் அக்குடும்பத்திற்குப் பெருஞ் செல்வமோ பெரும் பெயரோ இல்லை. லவோர் என்னும் ஊரிற் கல்வி பயின்ற இளைஞர் முதலிற் குருத்துவப் பணியை நாடித் தூலூஸ் நகரிற் சமய நூல்களைக் கற்றார். இலத்தீன் கிரேக்க மொழிப் பயிற்சியும் கணித நூற் புலமையும் அவருக்கு வாய்த்திருந்தன. இருபத்தைந்தாம் வயதில், அஃதாவது 1770இல், அவர் உள்ளம் மருத்துவத்தின்பாற் சென்றது. 1773இல் தூலூஸ் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர், மருத்துவக் கலைக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற மோன்பெலியே நகரை அடைந்து, அங்குள்ள வைத்தியசாலைகளிற் பழகி, நோயாளர் படுக்கையருகே கண்டவற்றை எழுதிவைக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். பிறர்க்குக் கணிதம் கற்பித்து வரும் சிறு பொருளே அவருக்கு அன்னமளித்தது.

1778இல் அவர் கால்நடையாகவே பாரிஸ் மாநகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. தலைநகரம் அவரை வரவேற்கவில்லை. மாகாணப் பல்கலைக்கழகத்திற் பெற்ற பட்டத்தைக் கொண்டு பாரிஸில் வைத்தியத் தொழில் நடத்த அந்நகரத்து மருத்துவக் கழகத்தின் விதிகள் இடந்தரவில்லை. எனவே ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவர் எழுத்தாலும் மொழிபெயர்ப்பாலும் கணிதம் கற்பித்தலாலும் காலந் தள்ளினார். சுகாதார வாரப் பத்திரிகை ஒன்றற்கு 1784 முதல் ஆசிரியராயிருந்தார். ஸ்காத்லாந்து வைத்தியப் பேராசிரியர் கல்லன் இயற்றிய நூலை 1785இற் பிரெஞ்சு மொழியில் தந்தார். தகுதியிருந்தும் வாயில் அடைக்கப்பட்டு நின்ற அவ்வாண்டுகள் வீணாயின என்று கூறுதற்கில்லை. அதிகாரத்தின் வெளிப்புறத்தே நின்றவர்க்கு, அங்ஙனமே நிற்கும் பிறரது நிலை எளிதில் விளங்குமன்றோ!

அக்காலத்தே நேர்ந்த ஒரு துயரம் அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. அவர்தம் இளநண்பர் ஒருவர் மிகு கல்வியாலும் தனிமையாலும் மனஞ் சோர்ந்து, அச்சோர்வு முற்றிப் பித்தாகி, வீட்டினின்றும் தப்பிக் காட்டினுட் சென்று மாண்டார். உடல்நோய்க்கு மருந்து பல கற்றிருந்தும், உயிர்நண்பரின் மனநோய்க்கு ஒன்றுஞ் செய்யவியலாமை பினெலின் நெஞ்சைச் சுட்டது. அன்றுதொட்டு மனநோயாளரை அணுகி ஆராய விழைந்தார். பாரிஸிற் பெலோம் என்பவர் நடத்திய தனியார் மனநோய் மனையொன்றிற் சில ஆண்டுகள் வைத்தியராய்ப் பணிசெய்தார். செல்வர் வீட்டு நோயாளரே அங்கு வைக்கப்பட்டிருந்தனர். அவர்க்காகக் கட்டணம் மாதந்தோறும் வந்தது. நோய் தீர்ந்து வீடு திரும்பினாற் கட்டணம் நின்றது. குணப்படுத்துவதில் அம்மனையை நடத்துவோர்க்கு ஊக்கம் இல்லாமையைப் பினெல் கண்டு வருந்தினார். நோயாளனின் நலமும் அவனை வைத்திருப்போர் வருவாயும் எதிரெதிராக நிற்குமிடத்தில் மருத்துவம் தழைக்காது என்னும் பாடத்தை அவர் ஆண்டே கற்றார்.

1789இற் பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. பழைய கழகங்களும் சலுகைகளும் சாய்ந்தன. புரட்சியின் கொள்கைகளைப் பினெல் உவந்து வரவேற்றாராயினும் அதன் குருதிப்பெருக்கை உவக்கவில்லை. 1793 ஜனவரி 21ஆம் நாள் மன்னன் பதினாறாம் லூயி கொலைக்களப்பட்டபோது, படைக்கலந் தாங்கிய குடிகளுள் ஒருவராய் அவ்விடத்தில் நிற்க நேர்ந்த அவர், தம் உடன்பிறந்தார்க்கு எழுதிய மடலில் தம் மனவருத்தத்தை வெளியிட்டார். அவ்வாண்டே ஆகஸ்ட் மாதத்தில், பாரிஸுக்குத் தென்புறத்தேயுள்ள பிஸெத்ர் என்னும் பெருமனைக்கு அவர் வைத்தியராக நியமிக்கப்பட்டார். செப்டம்பர் 11ஆம் நாள் பணியேற்றார். நாற்பத்தெட்டாம் வயதிலேதான் அவருக்கு அரசாங்க வைத்தியப் பதவி முதன்முதற் கிட்டியது.

பிஸெத்ர் வைத்தியசாலை என்று வழங்கப்பட்டதேனும், அது வைத்தியசாலையும் சிறைச்சாலையும் அனாதை விடுதியும் ஒருங்கு கலந்ததோர் இடம். முதியோர், முடவர், வறியர், குற்றவாளிகள் ஆகிய ஏறக்குறைய நாலாயிரம் ஆடவர் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். அவருள் மனநோயாளர் ஏறக்குறைய இருநூற்றுவர். மனநோய் கண்ட வறியோரை முதலில் நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, குருதி வாங்கியும், பேதி கொடுத்தும், குளிர்நீரில் ஆழ்த்தியும் சில வாரங்கள் சிகிச்சை செய்வர். அதற்குள் தெளியாதோரைத் தீராநோயாளரென முடிவுகட்டி, ஆடவராயின் பிஸெத்ருக்கும் பெண்டிராயின் சால்பெத்ரியேருக்கும் அனுப்பிவிடுவர். அதன்பின் அவருக்கு உற்ற துணை சங்கிலியே. பித்தர்க்குக் குளிரும் பசியும் உறைப்பதில்லை என்று கற்றோருங் கூட நம்பிய காலம் அது. லண்டன் மாநகரிலுள்ள பெத்லம் மனையிலோ, கூண்டிலடைத்த விலங்குகளைக் காண்பதுபோலப் பித்தரைக் காண மக்கள் திரள்திரளாய்ச் செல்லும் வழக்கம் 1770 வரையும் இருந்தது.

இத்தகைய இடத்திற்குட் புகுந்த பினெல் அங்கே எதிர்பாராத ஒருவரைக் கண்டார். மனநோயாளர் பகுதியின் மேற்பார்வையாளராய் அமர்ந்திருந்த ழான் பப்திஸ்து புஸ்ஸேன் என்பாரே அவர். அவரும் 1745இற் பிறந்தவர். தோல் பதனிடுந் தொழிலர். கண்டமாலை நோயால் வருந்தி, தீராநோயாளரென ஒதுக்கப்பட்டு, பிஸெத்ர் மனையில் நோயாளராகவே வந்து சேர்ந்தவர். நோய் நீங்கிய பின்னரும் அம்மனையை விட்டகலாது அங்கேயே ஊழியத்தில் அமர்ந்து, படிப்படியாய் உயர்ந்து, 1785ஐ ஒட்டிய காலத்தில் மனநோயாளர் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அவர் மனைவியார் மார்கரீத் அம்மையாரும் உடனிருந்து உதவினார். இவ்விருவரும் மருத்துவ நூல் எதனையும் கற்றவரல்லர். ஆயினும் படுக்கையிற் கிடப்பவன் நிலை எத்தன்மையது என்பதைப் புஸ்ஸேன் தம் உடம்பாலேயே கற்றிருந்தார். ஏவலர் எவரும் நோயாளரை அடித்தலாகாது, அடிப்போர் பணியிழப்பர் என்று கட்டளையிட்டு, அதனை நடத்தியும் காட்டினார். நோய் தெளிந்தோரையே ஏவலராகத் தெரிந்தெடுத்தார். தாம் பட்ட துன்பத்தை அவர் பிறர்க்குச் செய்யார் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு நோயாளரின் போக்கையும் நாடோறும் கவனித்துக் குறித்துவைத்தார்.

பினெலின் பெருமை இவ்விடத்தேதான் விளங்குகின்றது. இலத்தீனும் கிரேக்கமும் கற்று, ஐரோப்பிய மருத்துவ நூல்களையெல்லாம் ஆராய்ந்த அவர், அந்தத் தோற்றொழிலர்பால் மாணாக்கராய் அமர்ந்தார். இரவும் பகலும் நோயாளரோடு உடனுறைபவன் அறிவது, காலையொருமுறை வந்து போகும் வைத்தியன் அறிவதினும் மிகுதி என்று உணர்ந்து, தம் பட்டத்தின் செருக்கை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, புஸ்ஸேன் கண்டவற்றைக் கேட்டும் அவர் செய்வனவற்றை நோக்கியும் கற்றார். பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் அவ்விருவரது உதவியையும் மறையாது போற்றினார். உயர்ந்த பதவியிலிருப்போர் தாழ்ந்த ஊழியரது உழைப்பைத் தமதாக்கிக்கொள்வது உலகியல்பு. அவ்வியல்பிற்கு அவர் புறம்பாய் நின்றார்.

இனி அவர் கையாண்ட முறையைக் காண்பாம். முதலாவது, அவர் நோயாளரோடு பேசினார். ஒருமுறை கேட்டுவிட்டுச் செல்லாமல், நாள்தோறும் அணுகி, அவர்தம் ஊர், தொழில், குடும்பம், இழப்பு, அச்சம் ஆகியவற்றைக் கேட்டு, சொல்லியவற்றை எழுதிவைத்தார். வணிகத்தில் முறிந்தோர், காதலில் ஏமாந்தோர், புரட்சியின் கொடுமையைக் கண்டு நடுங்கினோர் எனப் பலருடைய வரலாறுகள் அவ்வேடுகளில் நிரம்பின. அவற்றினின்றும் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. பித்தேறியவனிடத்தும் அறிவு முற்றும் அழிவதில்லை. ஒருசார் திரிந்திருப்பினும் மற்றொருசார் தெளிந்தே நிற்கும். அத்தெளிந்த பகுதியோடு உறவுகொள்பவனே அவனை மீட்க வல்லன் என்பதாம். குருதி வாங்குதலையும் கடுமருந்துகளையும் பெரிதுங் குறைத்து, நல்லுணவு, திறந்த வெளியில் உலாவுதல், கைத்தொழில், அன்பும் உறுதியுங் கலந்த சொல் ஆகியவற்றையே அவர் மருந்தாகக் கொண்டார். பஞ்சத்தில் அப்பத்தின் அளவு குறைக்கப்பட்டபோது நோயாளருள் இறப்போர் தொகை பெருகியதையும் அவர் குறித்துவைத்தார். அன்பைப்பற்றிப் பேசிய அவர் அப்பத்தின் நிறையையும் மறந்தாரல்லர்.

அம்மனையில் நிகழ்ந்தனவாக அவர் நூலிற் கூறும் வரலாறுகளுள் இரண்டை ஈண்டுத் தருவாம். பாரிஸிற் கடிகாரம் செய்யுங் கம்மியர் ஒருவர், தம் தலை கில்லட்டின் யந்திரத்தால் வெட்டப்பட்டதாகவும், பின்பு நீதிபதிகள் மனமிரங்கித் தலைகளை உடல்களோடு மீளவும் பொருத்துமாறு ஆணையிட்டபோது வேறொருவன் தலை தம் கழுத்திற் பொருத்தப்பட்டதாகவும் நம்பினார். எதிர்ப்பட்டோர்க்கெல்லாம் தம் பல்லைக் காட்டி, இவை என் பற்களல்ல என்று வாதிப்பார். என்றும் நில்லாது தானே இயங்கும் பொறியொன்றைச் செய்யவேண்டுமென்ற வேட்கையும் அவரைப் பற்றியிருந்தது. அவ்வேட்கையை ஏவலர் எள்ளவில்லை. கருவிகளைக் கொடுத்து வேலைசெய்ய விட்டனர். பொறி நின்றது, அவ்வாசையும் அதனோடு நின்றது. தலையைப்பற்றிய மயக்கம் மட்டும் எஞ்சியது. அப்பொழுது நோய் தெளிந்துவந்த மற்றொருவர், முன்னரே ஏற்பாடு செய்தபடி, வெட்டுண்ட தம் தலையைக் கையிலேந்தி முத்தமிட்டுக்கொண்டே சென்றதாகப் பிரெஞ்சு மக்கள் கூறும் புனித தெனியின் கதையைப் பேச்சிலே எடுத்தார். அது நிகழக்கூடியதே எனக் கம்மியர் வாதாடினார். வெட்டுண்ட தலையை எந்த வாயால் முத்தமிடுவது, குதிங்காலாலோ என்று மற்றவர் நகைக்க, கம்மியர் நாணிப் போயினார். அதன்பின் அவர் தம் தலையைப்பற்றிப் பேசவேயில்லை. தொழிலில் மனஞ்செலுத்திச் சின்னாளிற் குடும்பத்தை அடைந்தார். சங்கிலியால் ஆகாதது, கருவி கொடுத்த நம்பிக்கையாலும் உடனுறைவோன் சொல்லாலும் ஆயிற்று.

மற்றையது தையற்காரர் ஒருவரது வரலாறு. மன்னன் கொலையைப்பற்றி வாய்தவறி ஏதோ சொல்லிவிட்டமையால் தாமும் கொலைக்களப்படுவது உறுதியென்று அஞ்சி அவர் மனந்திரிந்தார். தைக்கும் வேலை கொடுத்தபோது சிறிது தெளிந்தார். வேலையற்றபோது அச்சம் மீண்டது. அவ்வச்சத்தைப் போக்குவான் கருதி, இளவைத்தியர் சிலரை நீதிபதிகளைப்போல் உடுப்பித்து, போலி வழக்கு மன்றம் ஒன்று கூட்டி, குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கூறச் செய்தனர். அவ்வேளைக்கு அச்சம் அகன்றது. ஆயினும் அந்நலம் நிலைக்கவில்லை. பினெல் இத்தோல்வியையும் மறையாது எழுதிவைத்தார். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். மெய்யான வேலையால் வந்த நன்மை மெய்யாயிருந்தது. பொய்யான தீர்ப்பால் வந்த ஆறுதல் பொய்யாய் முடிந்தது. நோயாளனிடத்து உண்மை பேசவேண்டுவது அறம் மாத்திரமன்று, மருத்துவமும் ஆமென்பது எமது துணிபு.

1794 டிசம்பரிற் பாரிஸ் அறிஞர் கழகமொன்றில் மனநோயைப்பற்றிய கட்டுரையொன்றைப் பினெல் படித்தார். 1795இல் பெண்டிர்க்குரிய சால்பெத்ரியேர் மனைக்குத் தலைமை வைத்தியராயினார். சில ஆயிரம் பெண்டிர் வாழ்ந்த அம்மனையே அதன்பின் அவர் வாழ்நாள் முழுதும் அவர்தம் பணிக்களமாயிற்று. புதிதாக அமைந்த மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியர் பதவியும் பெற்றார். 1797இல், பினெல் பிஸெத்ரை விட்டகன்று இரண்டாண்டுகள் கழிந்தபின், புஸ்ஸேன் அங்கிருந்த மனநோயாளரின் இருப்புச் சங்கிலிகளைக் களைந்தார். அதன்பின் ஏறக்குறைய மூன்றாண்டிற் பினெல் சால்பெத்ரியேரிலும் அங்ஙனமே செய்தார். தம் ஆசிரியரனைய தோழரைத் தம்மிடத்திற்கு அழைத்துக்கொள்ள வேண்டுமென்று அரசாங்கத்தாரை வேண்டி, 1802இற் புஸ்ஸேனைச் சால்பெத்ரியேருக்கு வருவித்துக்கொண்டார். மனநோயைப்பற்றிய அவரது பெருநூல், கிறிஸ்துவுக்குப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்து, சின்னாளிற் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. எத்துணைப்பேர் வந்தனர், எத்துணைப்பேர் தெளிந்து சென்றனர், எத்துணைப்பேர் மீண்டனர் என்று எண்ணிக் கணக்கிட்டு எழுதும் முறையையும் அவர் மேற்கொண்டார். இளமையிற் கற்பித்த கணிதம் முதுமையில் நோயாளர்க்குப் பயன்பட்டது.

இக்கருத்து அவர் ஒருவர் உள்ளத்தில் மட்டும் தோன்றியதன்று. இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்து வைத்தியர் கியாரூஜி என்பார் மனநோயாளரை மனிதராக நடத்தவேண்டுமென்னும் விதிகளை 1789இலேயே வகுத்தார். இங்கிலாந்தில் வில்லியம் டியூக் என்னும் வணிகர் 1796இல் யார்க் நகரில் மனநோயாளர்க்கென அமைதியான இல்லமொன்றைத் திறந்தார். ஒருவரையொருவர் அறியாமலே பல நாட்டார் ஒரே வழியில் நடக்கத் தலைப்பட்டமை அக்காலத்தின் நற்குறியாகும்.

நிற்க. பெரியோர் சரிதம் எழுதுவோர் குணத்தை மட்டும் கூறிக் குற்றத்தை மறைத்தல் முறையன்று. இருப்புச் சங்கிலி போன இடத்தில், கைகளை உடலோடு பிணிக்கும் முரட்டுத் துணிச்சட்டை வந்தது. அடங்காதோரைத் தனியறையில் அடைத்தலும், தலைமேல் தண்ணீர் சொரிதலும், அச்சமூட்டி அடக்குதலும் பினெல் ஆட்சியிலும் நடந்தன. நோயாளன் சொல்வதை அவர் கேட்டார். எனினும், இச்சிகிச்சை உனக்கு உடன்பாடோ என்று அவனைக் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்து மருத்துவத்தில் வேர்கொண்டிருக்கவில்லை. வைத்தியர் தந்தையாகவும் நோயாளர் குழந்தையாகவும் கருதப்பட்டனர். நல்ல தந்தை வாய்த்தவிடத்து நன்மையும், வாய்க்காதவிடத்துத் தீமையும் விளைந்தன. அருளாற் பெற்றது அருளுடையார் அகன்றதும் போய்விடும். உரிமையாற் பெற்றதோ நிலைபெறும். இவ்வேறுபாட்டைப் பினெலுக்குப் பின் வந்த தலைமுறையினர் சிறிது சிறிதாகவே உணர்ந்தனர்.

அவர்தம் பிற்கால வாழ்வை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1800இற் பாரிஸில் அம்மைப்பால் குத்தும் முறையைப் பரப்புதற்கு உதவினார். 1804இற் பிரெஞ்சு அறிவியற் கழகத்தில் உறுப்பினராகும் பெருமை எய்தினார். பேரரசன் நெப்போலியனுக்கும் சிலகாலம் ஆலோசனை வைத்தியராயிருந்தார். ஆயினும் அரசுகள் மாறின. 1822இல், மீண்டும் வந்த மன்னராட்சி மருத்துவக் கல்லூரியைக் கலைத்து, பேராசிரியர் சிலரை விலக்கியபோது, எழுபத்தேழு வயதினராகிய பினெலும் தம் பேராசிரியர் பதவியை இழந்தார். சால்பெத்ரியேர் நோயாளரை மட்டும் அவர் கைவிடவில்லை. 1826ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தமது எண்பத்தோராம் வயதில், பாரிஸில் அவர் உயிர் துறந்தார். அவர் தோழர் புஸ்ஸேன் 1811இலேயே மறைந்துவிட்டார்.

பினெல் மறைந்தபின் ஒரு கதை வளர்ந்தது. புரட்சித் தலைவரொருவர் தடுத்தும் அஞ்சாது, 1793இலேயே பிஸெத்ர் மனையினுள் தனியொருவராய்ச் சென்று, தம் கையாலேயே பித்தரின் சங்கிலிகளைத் தறித்தெறிந்தார் என்பது அக்கதை. அவர் மகனார் ஸிப்பியோனும் மாணாக்கர் எஸ்கிரோலும் அதனைப் பரப்பினர். 1849இல் மியூல்லர் என்னும் ஓவியர் பிஸெத்ர் நிகழ்ச்சியாக ஒரு படம் எழுதினார். 1876இல் ரோபேர் பிளேரி என்பவர் சால்பெத்ரியேர் முற்றத்தில் பெண்ணொருத்தியின் விலங்கு கழற்றப்படுவதாகவும், பினெல் நடுவே நிமிர்ந்து நிற்பதாகவும், மற்றொருத்தி அவர் கையை முத்தமிடுவதாகவும் ஓவியந் தீட்டினார். 1885இற் சால்பெத்ரியேர் வாயிலில் அவர்க்கு உருவச்சிலையும் எழுந்தது. ஏடுகளை ஆராய்ந்த வரலாற்று ஆசிரியர் பலர் இக்கதை உண்மையன்றெனத் தெளிவித்துள்ளனர். பிஸெத்ரில் விலங்கு களைந்தவர் புஸ்ஸேனே; பினெல் தாமே அதனை எழுதியும் வைத்தார். ஆயினும் மக்கள் அவ்வெழுத்தைப் படித்திலர், ஓவியத்தையே கண்டனர்.

கதை பொய்யாயிற்று, ஆகவே பினெலின் பெருமையும் பொய்யாயிற்றோ எனில், அன்று என்பேம். ஒருநாளிற் சங்கிலியைத் தறித்தல் வீரச்செயல், காண்போர் கைகொட்டுவர். ஆண்டாண்டாகப் பித்தன் அருகில் அமர்ந்து, பொருளற்றதாகத் தோன்றும் அவன் சொல்லிற் பொருளைத் தேடுதலோ எவர் கண்ணுக்கும் படாத பணி. அப்பணியே விலங்கை அவிழ்ப்பதற்கு வேண்டிய துணிவை எல்லார்க்கும் தந்தது. இவர் பேசத்தக்கவர் என்று கண்டபின்னரன்றோ இவரைக் கட்டத்தகாது என்னும் எண்ணம் பிறக்கும்! மேலும், அக்கதையால் மறைக்கப்பட்டவர் அருகிருந்து உதவிய புஸ்ஸேன் ஒருவரே அல்லர். விலங்கு களையப்பட்டவரும் மறைக்கப்பட்டனர். ஓவியத்தில் அன்னார் நன்றியோடு மண்டியிடும் உருவங்களே. பினெலின் ஏட்டிலோ கம்மியரும் தையற்காரரும் தத்தம் வரலாற்றோடு தலைநிமிர்ந்து நிற்கின்றனர்.

இவ்வரலாறு பிரெஞ்சு நாட்டோடும் பழங்காலத்தோடும் முடிந்துவிட்டதென எண்ணற்க. பினெல் மறைந்து நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் நிரம்பும் தறுவாயில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கூரைக்கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது இருபத்தெண்மர் வெந்து மாண்டனர். பிஸெத்ரில் 1797இற் களையப்பட்ட அதே இருப்புச் சங்கிலிதான் நம் மண்ணில் அவர்களைத் தீயின் நடுவே நிறுத்திவைத்தது. உற்றார் கொண்டுவந்து விட்டுச் சென்றோர் அவர். பிறரை எரித்த தீயும் குளிரும் பித்தனை வருத்தாதென்ற பழம்பிழை எங்கோ எஞ்சியிருந்ததன் விளைவு அது. இந்திய நாடாளுமன்றம் 2017இல் இயற்றி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியாற் பிணித்தலாகாது என்று வெளிப்படையாகவே விலக்கியது. தம் நோயையும் சிகிச்சையையும்பற்றி அறிந்துகொள்ளுதல், நினைவு தெளிந்த காலத்திலேயே தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாவென எழுதிவைத்தல், கொடுமைக்கு ஆளாகாமை, தம் செய்தி பிறர்க்கு வெளிப்படாமை ஆகியவற்றையும் நோயாளரின் உரிமைகளாக அது வகுத்தது. பினெல் அருளாக வழங்கியது சட்டத்தால் உரிமையாயிற்று.

ஆயினும் சட்டம் எழுதப்பட்ட மாத்திரத்தே நோயாளன் துயர் நீங்கிவிடாது. சட்டம் சங்கிலியை விலக்கும். அருகில் அமர்ந்து கேட்கும் செவியை அது படைத்துத்தர இயலாது. உரிமையின்றி அன்பு மட்டும் இருப்பின் அது அன்புடையார் மறைவோடு மறையும். அன்பின்றி உரிமை மட்டும் இருப்பின் அது ஏட்டளவிலே நிற்கும். இவ்விரண்டும் கூடியவிடத்தே வைத்தியசாலை அப்பெயர்க்குத் தகுதியுடையதாகும். கல்லூரியிற் பயிலும் நண்பருட் சிலர் நாளை வைத்தியராவர், சிலர் செவிலியராவர், சிலர் சட்டம் வகுப்போராவர், எஞ்சியோர் எல்லாரும் என்றேனும் ஒருநாள் ஒரு நோயாளனின் படுக்கையருகே உறவினராய் நிற்பர், அல்லது அப்படுக்கையில் தாமே கிடப்பர். அந்நாளில் வள்ளுவனார் நோயுற்றவனை முதலில் வைத்த காரணத்தையும், கற்ற வைத்தியராகிய பினெல் கல்லாத புஸ்ஸேனிடத்துக் கற்ற பாடத்தையும் அவர் நினைவுகூர்வாராயின், இச்சரிதத்தை எழுதியதன் பயனை யாம் பெற்றோமாவோம்.